இருக்காங்களா, இருந்தாங்களா

அன்புள்ள பெரியவளின் அப்பாவுக்கு,

என்னங்க, நன்றாக இருக்கிறீர்களா? இருமல் விட்டதா? அந்தக் குளிரில் தலையை மூடாமல் வேலைக்குப் போகாதீர்கள். இங்கே நானும் பெரியவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவைத் திறந்து போட்ட வீடு மாதிரி இருக்கிறாள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உங்களுக்கே தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் போனில் சொல்ல முடியவில்லை. இவள் போனை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். நம் சின்னவன் உருண்டையின் பேச்சை எடுத்தாலே நீங்களும் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதம் பாதியில் கட் ஆகாது.

விசா நேர்காணல் முடிந்தது என்றுதான் சொன்னேன். எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீசர். பக்கத்தில், நம் பேச்சை அவருக்கு எடுத்துச் சொல்கிற பெண். கல்யாணம் எங்கே, நீங்கள் என்ன வேலை, குறட்டை விடுவீர்களா என்பது வரைக்கும் கேட்டார். குறட்டை விட்டால் பக்கத்து வீட்டில் எழுந்து உட்காருவார்கள் என்றேன், ஆபீசரே சிரித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். கடைசியில் எத்தனை பிள்ளைகள் என்றார். ரெண்டு பிள்ளைங்க என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லைங்க. பெயரைக் கேட்டால் யோசித்தா சொல்கிறோம், அப்படி வந்துவிட்டது.

நம் விசா ஃபைலில் ஒரு பிள்ளைதானே இருக்கிறது. அதைக் கொடுத்த பிறகுதான் உருண்டை பிறந்தான். இப்ப சேர்த்தா மறுபடி வரிசையில முதல்லேருந்து நிக்கணும், நேர்காணல் அன்னிக்குச் சேர்த்துக்கலாம் என்று, நமக்கு விசா தாளெல்லாம் எழுதிக் கொடுக்கிற ஃபைல்காரர் சொன்னார். அவன் போன பிறகு, இனிமே அந்த வேலை இல்லம்மா என்று மூடி வைத்துவிட்டார்.

ஆபீசர் தாளைப் புரட்டிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, அக்கா, ரெண்டு பிள்ளைங்கன்னு மட்டும் சொன்னா அவங்க பாஷையில நிக்காது, இருக்காங்களா, இருந்தாங்களா, ஒண்ணு சொல்லுங்க என்று மெதுவாகக் கேட்டாள். நல்ல பெண். நம் பேச்சில் ரெண்டு பிள்ளைங்க என்றால் ரெண்டு பிள்ளைங்க, அவ்வளவுதானே. இருக்காங்க என்றால் பொய். இருந்தாங்க என்றால், குத்துக்கல்லாட்டம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவளையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகாதா? அவள் இருக்கா, அவன் இருந்தான் என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். பிரிக்க வரவில்லை. அவர்கள் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது ஒரு பிள்ளையை மறைத்துவிட்டோம் என்று ஆபீசிலிருந்து எழுதி வந்திருக்கிறது. அவன் நம் பிள்ளைதான் என்று காட்ட வேண்டுமாம். உங்கள் ரத்தமும் அவன் ரத்தமும் ஒத்துப்போக வேண்டுமாம். மண்ணுக்குள் படுத்திருக்கிறவனுக்கு எந்தக் கையில் ஊசி குத்தச் சொல்கிறார்கள்? ஃபைல்காரரிடம் கேட்டேன். அதெல்லாம் ஆகற கதையாம்மா, பதட்டத்துல வாய் தவறிடுச்சு, எனக்கு ஒரே பிள்ளைதான்னு நான் எழுதித் தரேன், கையெழுத்தைப் போட்டு விடுங்க, போனதுக்காக இருக்கறதைத் தவிக்க விடாதீங்க என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்தத் தாள் என் தையல் டப்பாவுக்குள் கிடக்கிறது. தையல் கடையில் வேலை ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்குப் பட்டனை விட ஒரு காஜா கூடுதலாக எடுத்து வைத்துவிட்டேன். டெய்லரக்கா தூக்கிக் காட்டி, வெளிநாட்டு மகராசி, இந்த ஓட்டைக்கு நீயே அங்கேயிருந்து ஒரு பட்டன் அனுப்பி வை என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவளே வாங்கி, வெளியே தெரியாமல் தைத்து மூடினாள். அவனை மண்ணில் வைத்த அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு அவன் முகத்தைக் காட்டியது அவள்தானே. படம் ஆடியது அவள் அழுதுகொண்டே பிடித்ததால். நீங்கள் கிளம்பி வந்தால் ஃபைல் செத்துப்போகும் என்றார்கள். ஃபைலைக் காப்பாற்றிவிட்டோம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. அவன் உங்களைப் பார்த்ததே போனில்தான். அப்பா முத்தா என்று கண்ணாடியையே எச்சில் பண்ணுவான். இன்னும் நான் அந்தப் போனை அழுத்தித் துடைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த முறை பெரியவளையும் உள்ளே கூப்பிடலாமாம். ஃபைல்காரர் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்து, எனக்குத் தம்பி கிடையாது சார், எனக்குத் தம்பி கிடையாது சார் என்று சொல்லிப் பார்க்கிறாள். பல் இல்லாததால் தம்பி என்பது சரியாக வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. சரியாக வர வேண்டுமே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அவளுக்கு அப்பா வேண்டும். எனக்கும் நீங்கள் வேண்டும். அதனால் வீம்பு பிடிக்கவில்லை, கையெழுத்துப் போடு என்றால் போடுகிறேன். ஆனால் போட்ட பிறகு அங்கே வந்து யாரிடமும் அவன் பேரை எடுக்க முடியாது. பக்கத்து வீட்டில் கேட்டாலும் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் ஒன்று. இங்கே அவன் மேல் மண்ணாவது இருக்கிறது. அங்கே அதுவும் இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நமக்கு ஒரே பிள்ளைதான் என்று முதலில் நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேண்டாம், உங்கள் அறையில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் எனக்கு எழுதுங்கள், அன்றைக்கே போட்டுவிடுகிறேன். வரவில்லை என்றாலும் எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நீங்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பெரியவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அப்பாவுக்கு ரெண்டு முத்தம்னு எழுதும்மா என்கிறாள். இன்னொன்று யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி