கொட்டாஞ்சேனையில் ஹெல்மிந்த் தேடிய பெண்

மச்சான்,

இன்று காலை வெள்ளவத்தை மருந்துக்கடையில் என் பக்கத்தில் நின்றவருக்குக் கடைக்காரர் ஒரு போத்தலைத் திறந்து காட்டினார். குடற்புழுவுக்குக் கொடுக்கும் செனப்போடியம் எண்ணெய். அந்தக் காரவாடை மூக்கில் ஏறியதும் வெளியே ஓடிவந்து காலி வீதி ஓரத்தில் காறித் துப்பினேன். நீ கண்மூடி மூன்று வருடமாகிவிட்டது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை அது.

நாமிருவரும் ஒரே மேல்மாடியில் வாடகைக்கு இருந்த காலத்தில் டிஸ்பென்சரியில் உன்னுடைய வேலையை நினைத்தாலே எனக்குக் குமட்டும். ஊரார் மலம் சின்னத் தகரப் பேணிகளில் உன் மேசைக்கு வரும். நீ அதைக் குச்சியால் கிளறி, கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டிக்குள் பார்த்து முட்டைகளை எண்ணுவாய். இரவு அதே கையால் இடியப்பம் பிசைவாய். வெள்ளை வெள்ளையாக நெளிந்து கிடக்கும் இடியப்பத்தை நான் அந்த நாட்களோடு விட்டவன்தான்.

நான் சுகாதாரக் கந்தோரில் மொழிபெயர்க்கும் கிளாக்கர். குடற்புழு பற்றித் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதச் சொன்னார்கள். புழு என்று எழுதப் பேனை வரவில்லை. உன்னிடம் வந்து விஞ்ஞானச் சொல் கேட்டேன்.

"ஹெல்மிந்த்" என்றாய். "குடலுக்குள்ள இருந்து எங்களைத் தின்னுற புழுக்கள் எல்லாத்துக்கும் பொதுப்பேர். வட்டப்புழு, நாடாப்புழு, கொக்கிப்புழு எல்லாம் அதுக்குள்ள அடக்கம். படர்தாமரைக்கு இங்கிலீசில புழு எண்டு பேர் இருக்கு, ஆனா அது இதுக்குள்ள வராது. அது பூஞ்சணம்."

"சொல்லுக்கு என்ன கருத்து?"

"கிரேக்கத்தில புழு எண்டுதான் கருத்து. நீ எங்க ஓடினாலும் புழுதான், மச்சான்."

நீ சிரித்தாய். எனக்கோ அந்தச் சொல் சவர்க்காரம் போட்டுக் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தது. பிரசுரத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ஹெல்மிந்த் என்று போட்டேன். கீழே: பிள்ளை மெலிதல், வயிறு பெருத்தல், பல் நறநறத்தல். அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், டிஸ்பென்சரிக்குப் போகும்படி ஒரு வரி. புழு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மேலதிகாரி, "நாகரிகமாயிருக்கு" என்றார்.

சில கிழமைகள் கழித்து ஒரு மத்தியானம் நீ என் கந்தோருக்கே வந்து அந்தப் பிரசுரத்தை மேசையில் போட்டாய். உன் முகத்தில் சிரிப்பில்லை.

"வெளிக்கிடு. எங்கட டிஸ்பென்சரியிலயும் வந்து கேட்டு, உன்ர ஹெல்மிந்தைத் தேடித் திரியிற ஒரு மனுசியைக் காட்டுறன்."

கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டின் கடைசி அறை. இந்தியாவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த ஒருவரின் மனைவி, மடியில் ஐந்து வயது மகளை வைத்திருந்தாள். பிள்ளையின் கைகால் ஈர்க்கு, வயிறு பானை. என் பிரசுரத்தை நாலாய் மடித்து முந்தானையில் முடிந்திருந்தாள்.

"இந்த மருந்து எங்கயும் இல்லேங்கிறாங்க சார்," என்று என்னிடம் நீட்டினாள். "பக்கத்து வீட்டுக்காரர் படிச்சுச் சொன்னாரு. வயிறு பெருத்தா ஹெல்மிந்த் குடுக்கணும்னு போட்டிருக்காமே. நாலு கடை ஏறிட்டேன். டிஸ்பென்சரியில கேட்டா சிரிக்கிறாங்க."

அவள் பிழையில்லை. மருந்து விளம்பரங்கள் அப்படித்தான் இருக்கும்: மேலே மருந்தின் பெயர், கீழே நோய்.

நான் வாய் திறக்குமுன் பிள்ளைக்கு ஓங்காளம் வந்தது. "தலையைப் பிடி!" என்று கத்தினாய். பிடித்தேன். என் உள்ளங்கையில் சூடான வாந்தி வழிந்தது. அதற்குள் ஒன்று நெளிந்தது. இன்னொன்று பாதி வெளியே, பாதி தொண்டைக்குள்ளே, பென்சில் தடிப்பில், வெளிறிய சிவப்பில் தொங்கியது. நீ இரண்டு விரலால் அதை மெல்ல, அறுந்துவிடாமல், இழுத்து எடுத்தாய். பிள்ளை மூச்சு விட்டது. நான் சுவரைப் பார்த்துச் சத்தி எடுத்தேன்.

றிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடலை அடைத்துக்கொண்டு ஒரு கும்பலே கிடக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். பிள்ளை பிழைத்தது. வீடு திரும்ப மூன்று கிழமை ஆயிற்று.

அன்று ஆஸ்பத்திரித் தண்ணீர்க் குழாயடியில் நீ கை கழுவியதை மறக்கமாட்டேன். காபோலிக் சவர்க்காரத்தால் ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு குனிந்து நீயும் சத்தி எடுத்தாய்.

"உனக்குமா?" என்றேன்.

"ஒவ்வொரு நாளும், மச்சான்," என்றாய். "அருவருப்பில்லாதவனெண்டே என்னை நினைச்சிருந்தனீ?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். அது மட்டுமல்ல, அறையை மாற்றித் தரும்படி வீட்டுக்கார அம்மாவிடம் அதற்கு முந்தின கிழமைதான் கேட்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்று மாலையே அவரிடம் போய், வேண்டாம் என்றேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரசுரத்தைத் திரும்ப எழுதினேன். "உங்கள் பிள்ளையின் வயிற்றில் புழு இருக்கலாம். ஹெல்மிந்த் என்பது மருந்தின் பெயர் அல்ல, அந்தப் புழுவின் பெயர்." மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். "சோறு தின்னுற சனம் வாசிக்கிற காகிதத்தில இதென்ன அசிங்கம்?" என்றார். முதன்முறையாக அவரோடு எதிர்த்துக் கதைத்தேன். அச்சேறியது.

அதன் பிறகு எத்தனையோ பிரசுரங்கள். சிரங்கு, சீழ், பேதி. எதையும் மூடி எழுதவில்லை. பழகினால் குமட்டல் போய்விடும் என்று சொல்வார்கள். எனக்குப் போகவில்லை, மச்சான். ஒவ்வொரு முறையும் பாதியில் பேனையை வைக்கிறேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.