ஸ்கீமா இல்லாத பரீட்சை

கிள்ளான், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஷாமினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே வானிலை அறிக்கை வாசிக்கிறது. அந்தக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

பரீட்சையில் தேறவில்லை, நெதர்லாந்து வேண்டாம், இங்கேயே ஏதாவது காலேஜில் சேர்கிறேன் என்று நீ போனில் அழுததைச் சொல்லிச் சொல்லி அம்மா அழுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது, உன்மேல் இல்லை. விரிவுரையாளர் சொன்னதை வரி விடாமல் எழுதிவிட்டு, மார்க் வரவில்லை என்றதும் அவரிடமே போய்த் எந்தச் சொல்லுக்கு எத்தனை மார்க் என்று போட்டிருக்கும் திருத்தும் ஸ்கீமாவைக் காட்டச் சொன்னாயாமே. "அப்படி ஒன்று இங்கே கிடையாது, நான் சொன்னது எனக்குத் தெரியும், நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவர் கேட்க, நீ வாயடைத்து நின்றாயாம். வார்த்தை எப்படியம்மா வரும்? ஆரம்பப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை, ஸ்கீமாவில் இருக்கும் சொல் இருந்தால்தான் மார்க் என்று உன்னைப் பழக்கினார்கள். அதில் எல்லாம் ஏ எடுத்தும், இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கேட்ட உனக்கு மீன்வளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சட்டம் கேட்ட எனக்கு நூலகவியல் வந்தது. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அதற்காக வெளிநாடு என்றாலே உசத்தி என்று சொல்லமாட்டேன். இங்கே படிக்கும் உன் பள்ளித் தோழன் ரிஷி காய்ச்சலில் கிடந்தபோது அவன் விரிவுரையாளரே ஹாஸ்டலுக்குக் கஞ்சி வாங்கிப் போனார். அங்கே நீ வகுப்புக்கு வராவிட்டால் கேட்க நாதியில்லை. சென்னையில் படிக்கும் உன் இன்னொரு தோழன் அருணனுக்கு வருகை குறைந்தால் அவன் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், மீசை வளர்ந்த பிள்ளைக்கு! மூவருக்கும் புத்தகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்ற கேள்வி உனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

சிவநேசன் மாமாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் அப்பவே சொன்னேன்லா மச்சான், பொண்ண பக்கத்துலயே போடுங்கன்னு. எல்லா டிகிரியும் ஃப்ரேம் போட்டு மாட்டத்தானே" என்றார். உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் டிகிரி ஃப்ரேம் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குக் காத்திராமல் எழுந்து வந்துவிட்டேன். நம் கிரகப்பிரவேசத்துக்கு வராத மனிதர் அவர்.

அவருக்காக நீ எதையும் நிரூபிக்க வேண்டாம். மறுபரீட்சையை மட்டும் எழுது. சரியோ தப்போ, உனக்குத் தோன்றியதை எழுது. வீட்டில் என்னோடு வாதாடுவாயே, அதே மாதிரி எழுது. அதற்கு நீ ஒருநாளும் பயந்ததில்லை.

அம்மா மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறாள், காற்றுப் புகாமல் மூடி வை. வேளைக்குச் சாப்பிடு. முருகன் துணையிருப்பான். எழுதித் தோற்றால் கிளம்பி வா, ஏர்போர்ட்டுக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். எழுதாமல் வந்தாலும் வருவேன். ஆனால் கிள்ளான் வந்து சேரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
சுகுமாறன்