வெள்ளிக்கிழமை வரப்போகும் அண்ணன்

மசாக்கா,
செவ்வாய் மதியம்.

காத்தோ அண்ணனுக்கு, இரட்டையர் உங்கள் இரண்டு பேருக்கும் அடுத்துப் பிறந்த கிஸ்ஸா எழுதுவது. நீ நலமா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. போன மாதம் உன்னோடு பிறந்த வாஸ்வா அண்ணன் லாரியோடு வந்தான். அவனுக்கு ஒரு சட்டை எடுத்தாள். இரட்டையரில் ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவனுக்கும் கொடுக்க வேண்டுமே, அதே மாதிரி ஒன்று நீ இங்கே விட்டுப்போன பெட்டிக்குள் போனது. எனக்கு, இரட்டைக்கு அடுத்தவள் என்று சொல்லும் பெயரே போதும்போல.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நம் ஊர் ரேடியோவில் மாலை நாடகம் எழுதுகிறேன். முதலில் நாமாலா என்று ஒரு பெண்ணை எழுதினேன். பேசினாள், நடந்தாள், உயிரே இல்லை. நாடகத்தை நடத்தும் நஸோலோ அக்கா தாளைத் திருப்பித் தந்தாள். "இவ யாரைப் பார்த்துப் பொறாமைப்படுறா? யாருக்குப் பயப்படுறா? தனியா விட்டா மரம் மாதிரிதான்டி நிப்பா. பக்கத்துல ஒரு ஆளை நிறுத்து" என்றாள்.

ஒரு அண்ணனை நிறுத்தினேன். வெளிநாட்டில் வேலை, அதிர்ந்து பேசாதவன். அவ்வளவுதான், நாமாலா எழுந்துவிட்டாள். அவன் தலையாட்டும் இடத்தில் இவள் வெடுக்கென்று பேசுவாள். கோழித்தொடை அவனுக்குப் போனால், இவள் கழுத்தெலும்பைச் சத்தமாக உறிஞ்சுவாள். சந்தையே சிரிக்கிறது. அந்த வாயாடி உருப்படுவாளா என்று தக்காளிக்காரி என்னிடமே கேட்கிறாள்.

ஒருநாள் அண்ணன் இல்லாமல் நாமாலாவுக்கு மட்டும் ஒரு காட்சி எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிதான் வந்தது. அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.

இப்போது வம்புக்கு வருகிறேன். நாடகத்தில் அண்ணன் குரல் லுப்வாமாவுடையது. நாடகத்துக்கு முன்னால் யார் செத்தார்கள், யார் மகன் எந்த பஸ்ஸில் வருகிறான் என்று அறிவிப்பு வாசிப்பவனும் அவனேதான். போன வெள்ளிக்கிழமை நான் எழுதிக் கொடுத்தபடி, "அம்மா, அடுத்த வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன்" என்று பேசிவிட்டான். அம்மா அதை நீ அனுப்பிய அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டாள். வெறும் நாடகம், நான்தான் எழுதினேன் என்று எவ்வளவோ சொன்னேன்.

"உன் பேச்சை யாருடி கேட்டா? லுப்வாமா பொய் வாசிக்க மாட்டான்."

உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வாழையிலையில் கட்டி அவிக்க ஒரு சேவலைக் கட்டிப் போட்டிருக்கிறாள். அது விடியும் முன்பே கத்துகிறது. நாடகத்தில் அவன் வந்தால் அம்மா வாசலிலேயே நிற்பாள். வராவிட்டால் நீ செத்துவிட்டாய் என்று நினைப்பாள். வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

நீ இருக்கும் மஸ்கட்டிலிருந்து திரும்பிய நகாயிசா என்னிடம் மட்டும் சொன்னாள். நீ முதலாளி வீட்டைவிட்டு ஓடி ஏழு மாதமாம். பாஸ்போர்ட் அவனிடமாம். ஒரு மீன்கடைப் பின்கட்டில் ஒளிந்து வேலை செய்கிறாயாம். மறைக்காமல் சொல்கிறேன், கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. காத்தோ மாதிரி இரு என்று சொல்லாமல் அவளுக்கு என்னைத் திட்டவே தெரியாது.

நகாயிசாவின் தங்கை நாளை மஸ்கட்டுக்கு வேலைக்கு வருகிறாள். இந்தக் கடிதத்தை அந்த மீன்கடையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் யார் போனிலிருந்தாவது அம்மாவைக் கூப்பிடு. வர முடியவில்லை என்று உன் வாயால் சொல். ஓடியதையும் சொல். நல்ல பிள்ளையாக இருந்தது போதும் அண்ணா, நானும் கெட்டவளாக இருந்து களைத்துவிட்டேன்.

அந்தப் பின்கட்டுக் கதவை யாரும் தட்டாமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு வெறுங்கையோடு வா. பெட்டி நிறையச் சட்டை இருக்கிறது. அம்மா திட்டும்போது என் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

உன் கிஸ்ஸா