பல்கனியில் காயாத சேலை

ரொறொன்ரோ
7.10.1991

மூத்தவன்ரை அப்பாவுக்குக் கமலாவதி வணக்கத்துடன் எழுதுவது. மகன், மருமகள், குழந்தை எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி?

சனிக்கிழமை விரதச் சேலையைத் தோய்த்து, பல்கனியில் கயிறு கட்டிக் காயப் போட்டேன். பத்து நிமிடத்தில் கட்டடத்தைப் பார்க்கிறவன் வந்து கதவைத் தட்டினான். வெளியே உடுப்புக் காயப் போடக் கூடாது என்று சட்டமாம்.

"மாமி, கீழை மெசினிலை காய வைப்பம்," என்று மருமகள் கெஞ்சினாள்.

"ஊரார் உடுப்புக் கிடந்த மெசினிலை விரதச் சேலையோ? ஊரிலை ஆமியின்ரை ஹெலிகொப்டர் சுத்திச் சுடேக்கையே, என்ரை மனிசன் கத்தக் கத்தக் கொடியிலை போட்டவள் நான்!"

பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஈரச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்ததுதான் மிச்சம்.

ஆரும் இங்கே வந்தால் இரண்டு பாக நீளத்துக்குத் தும்புக்கயிறு கொடுத்துவிடுங்கோ, அறைக்குள் என்றாலும் கட்டுவேன். முற்றத்துக் கொடியை அவிழ்த்து அனுப்பிவிடாதேங்கோ, அது நான் வந்து போடுவதற்கு. ஹெலிச் சத்தம் கேட்டால் வேட்டியை எடுக்க வெளியே ஓடாதேங்கோ. வேட்டி கிடக்கட்டும், நீங்கள் பங்கர்க் குழிக்குள் போங்கோ.

குழந்தை அழுகிறது, எழும்புகிறேன்.

கமலாவதி