ஆமெனுக்கு ஒரு பொறை

நந்திதுர்க், கே.ஜி.எஃப்.
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் டீனாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம், என் இரத்த அழுத்தமும் ஒழுங்காக நடந்துகொள்கிறது. டப்ளின் குளிரில் நீயும் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துத் தப்பிவிடுவேன், ஆகையால் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போனபோது முப்பத்தைந்து கிலோ இருந்த சீசர் இப்போது நாற்பத்தொன்று. பின்னங்கால் மூட்டு தாங்காமல், வாசலில் இருக்கிற மூன்றே படிகளுக்குக் கீழே நின்று என்னைப் பார்க்கிறது. ஆறு கிலோ குறையாவிட்டால் நடையே நின்றுவிடும் என்று பங்காரப்பேட்டை கால்நடை மருத்துவர் சொன்னதையும், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதையும், வெளியில் யாரோ போடுகிறார்கள் என்று முடித்ததையும் உனக்கு முன்பே சொன்னேன். நீ அனுப்பிய பட்டியலை அவரிடம் பாடம் போல ஒப்பித்தேன்: வேகவைத்த கோழி, வாரம் ஒருநாள் ஈரல், பூசணி, பீன்ஸ், கேரட், கையளவு கேழ்வரகுக் களி, உப்பில்லை, பாக்கெட் தீனி இல்லை, எல்லாம் தராசில் நிறுத்து. அவர் யாரோ என்றதுமே என் கண்முன் லூயிசாவின் முகம் வந்தது. அடுத்த வீடு, எப்போதும் ஏதாவது கொதிக்கிற அடுப்பு, இளகிய மனம். எனக்கு அது போதுமானதாயிருந்தது.

மறுநாள் வேலியருகே, அவள் மருமகள் ஷோபாவின் முன்னாலேயே, சோறு போட்டே என் நாயைக் கொல்கிறாய் என்றேன். இன்னா டீச்சர் இப்படிச் சொல்றீங்க, மாதா சத்தியமா ஒரு பருக்க கூடப் போடல என்றாள். நாய்ச்சோற்றுக்கு மாதாவை இழுக்காதே என்றேன். அதோடு நிற்காமல் உன்னிடமும் சொன்னேன், நீயும் அங்கிருந்து அவளை ஃபோனில் அழைத்துக் கடிந்துகொண்டாய்.

சென்ற வெள்ளிக்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம். உபதேசியார் இன்பராஜ் ஜெபத்தை எப்படி நீட்டுவார் என்று உனக்குத் தெரியும். அவரோடு சேர்த்து ஏழு பேர் ஜெபித்தோம். முடிந்ததும் அவர், டீச்சர், நாய்க்கு டயட்டுன்னீங்க, ஏழு ஆமெனுக்கு ஏழு பொறை உள்ள போயிடுச்சே, நம்ம சபையில இதுக்குத்தான் பக்தி ஜாஸ்தி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மடியில் டீக்கடைப் பொறை ரொட்டிப் பொட்டலம் இருந்தது. கண்ணைத் திறக்காமலே கொடுத்திருக்கிறேன்.

ஜெபத்தின்போது குட்டி அடங்கியிருக்கட்டும் என்று உன் அப்பா ஆரம்பித்த வழக்கம் அது. அவர் போனபின் நான் நிறுத்தவில்லை. அவர் மீது பழி போட இதைச் சொல்லவில்லை, அவர் கொடுத்தது விரல் நுனியளவு. மறுநாள் எண்ணினேன்: விழித்ததும் ஒரு ஜெபம், மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு டீ, மாலைக் குடும்ப ஜெபம், படுக்கும்போது ஒன்று, எட்டு முழுப் பொறை. அதைத் தீனி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஜெபத்தின் ஒரு பகுதியாகவே இருந்துவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவள் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. இப்போது ஆமெனுக்கு அவித்த பீன்ஸ் ஒரு துண்டு, அதையும் அதன் பங்கிலிருந்தே எடுக்கிறேன். வாங்கித் துப்பிவிட்டு மறுபடி என் கையைப் பார்க்கிறது.

நேற்று லூயிசா வீட்டுக்குப் போய், ஷோபாவையும் கூப்பிடச் சொல்லி, இருவர் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். நீங்க சொன்னத வுட்டுடுங்க டீச்சர், உங்க வாய் எனக்குத் தெரியாதா, ஆனா டீனா பாப்பா பேசினதுதான் நெஞ்ச வுட்டுப் போவல, அது ஸ்கூல் வுட்டு வந்து என் கையால சாப்ட கொழந்த என்றாள். என் அகந்தைக்கு உன் நாக்கைக் கடன் வாங்கினேன், டீனா. இதற்காக உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. உன் உழைப்புக்கும் உறக்கத்துக்கும் கர்த்தர் காவலாயிருப்பாராக. கடிதம் கிடைத்த அன்றே லூயிசாவைக் கூப்பிடு. அம்மா சொன்னதால் கூப்பிடுகிறேன் என்று சொல்லாதே, என்னைக் காப்பாற்றியும் பேசாதே. நம் நேரம் மாலை ஐந்துக்குமேல் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

உன் அம்மா,
ஐடா எட்மண்ட்