விமானக் கூலி வாங்கிக் கப்பலில் வந்த பெட்டி

அன்புள்ள மகன் எபோவுக்கு,

செகொண்டியிலிருந்து அம்மா அராபா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சீனாவில் அந்தக் குவாங்சோ குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலிடுகிறேன், அதற்கு மேல் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனை நீ எடுப்பதில்லை, குரல் பதிவு அனுப்பினால் கேட்காமலே கிடக்கிறது. பாஸ்டரின் மைத்துனர் சரக்கு எடுக்க அங்கே வருகிறார், எதிரே வந்து நிற்கிற மனிதரின் கையிலிருந்து வாங்காமல் இருக்க உன்னால் முடியாது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். உன் தங்கை எக்குவாவின் பிள்ளை சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்துவிட்டது, பின்பக்கத் தகரக் கூரையை மழைக்கு முன்பே மாற்றியாயிற்று, அப்பாவுக்கு வலது கண்ணில் மருந்து விடுகிறோம். வீட்டுச் சேதி இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் உன்னைப் பற்றியது.

ஜூன் மாதம் நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்பது உனக்கு மறந்திருக்காது. புகை போட்ட மீனைப் பையில் வைத்துக் காற்றை உறிஞ்சி ஒட்டித் தந்தால் அக்ராவில் ஒரு பெரிய கடை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது, அப்படி ஒட்டுகிற மெஷின் தக்கோராடிக் கடையில் யானை விலை, சீனாவில் ஆன்லைனில் பாதிகூட இல்லை என்று நீதான் சொன்னாய். தனித்தனியாக வாங்கினால் அனுப்புகிற கூலியிலேயே போய்விடும், மீன் புகை போடுகிற பெண்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடையில் வாங்குங்கள், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி தருவான், என் கிடங்குக்கு வரவழைத்து அட்டைப் பெட்டிகளை எல்லாம் பிரித்து ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்புகிறேன், அடைக்கிற இடத்துக்குத்தான் கூலி என்று விளக்கினாய். கப்பல் என்றால் மலிவு ஆனால் இரண்டு மாதம், ஆகஸ்டில் சாளை வருவதற்குள் வேண்டுமென்றால் விமானத்துக்குக் கொடுங்கள் என்றாய். அதையும் கொடுத்தார்கள். உன்னை நம்பி இல்லை எபோ, என்னை நம்பி. நீ அரைக்கால் சட்டையில் ஓடியதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள், என்னை முப்பது வருஷமாகப் பக்கத்து அடுப்பில் பார்க்கிறார்கள்.

ஜூலை போயிற்று. ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள், ஒவ்வொரு வாரமும் உனக்குப் போன் செய்தேன், ஏர்போர்ட்டில் நெரிசல் என்றாய், கஸ்டம்ஸ் திறந்து பார்க்கிறான் என்றாய், இந்த வெள்ளிக்கிழமை நிச்சயம் என்றாய். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் கொண்டுபோய்ச் சொன்னேன். அந்தப் பொய் ஒவ்வொன்றும் என் வாயால் சொல்லப்பட்டது. ஆகஸ்டில் வள்ளங்கள் நிறைய நிறைய சாளை வந்தது, பக்கத்து அடுப்பு மென்சிமா தன் வழக்கமான குமாசி வியாபாரியிடம் இந்த வருஷம் மீன் இல்லை, அக்ராவுக்குப் பேசிவிட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். மெஷின் வரவில்லை, அக்ராக் கடைக்காரன் செப்டம்பர் நடுவில் எல்மினா ஊர்ப் பெண்களிடம் போய்விட்டான், மென்சிமா அடுக்கிவைத்த மீனில் பாதி வண்டு விழுந்து தூளாகப் போயிற்று. அந்த மீன்தான் அவள் மகள் பான்யினுக்கு நர்ஸ் பள்ளியில் சேரக் கட்டவேண்டிய பணம். சேர்க்கை முடிந்துவிட்டது. பான்யின் இப்போது இங்கேதான் இருக்கிறாள்.

பெட்டி அக்டோபர் இரண்டாம் வாரம் தேமா துறைமுகத்துக்கு வந்தது. துறைமுகத்துக்கு, எபோ. லாரி பிடித்துக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் பிரித்தோம், மேலே கிடந்தது எனக்கு நீ வைத்திருந்த கால் பிடித்துவிடும் மெஷின். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்கே. எல்லாரும் கை தட்டினார்கள், மென்சிமா "அராபாக்காவுக்கு வந்த யோகத்தப் பாருங்கடி, இனிமே காலுக்கும் வேலக்காரி" என்று சிரித்தாள், நானும் வெட்கத்தோடு சிரித்தேன், இவர்கள் கொடுத்த கூலியில்தான் அது பயணம் செய்து வந்திருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஒரு மெஷினுக்கு அடியில் கடைக்காரன் வைத்த சீட்டு கிடைத்தது. பான்யின் போனை அதன்மேல் காட்டினாள், சீன எழுத்து இங்கிலீஷாக மாறிற்று, முந்நூற்றைம்பது யுவான் என்று இருந்தது. நீ எங்களிடம் வாங்கியது அறுநூற்று இருபது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் கப்பலில் ஏற்றிய தேதி, ஆகஸ்ட் இருபது.

மென்சிமா கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மகளிடம் மெதுவாக, "பான்யின், போன மூடு. எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாள், தன் மகளின் படிப்பே போயிருந்தும்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், அதுதான் நீ எடுத்த கடைசிப் போன். நீ சொன்னதை எழுதுகிறேன், மாற்றிச் சொன்னேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. "அம்மா, இங்க எல்லாரும் செய்றதுதான். கடை கடையா அலைஞ்சு விலை பேசினது யாரு? சும்மா செய்வாங்களா? தக்கோராடியில வாங்கியிருந்தா இதவிட ஜாஸ்தி குடுத்திருப்பாங்க, இப்பவும் அவங்களுக்கு லாபந்தானே?" என்றாய். தக்கோராடியைவிடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைவு அவர்கள் வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது, உனக்காக எடுத்துவைத்தது இல்லை. அலைந்ததற்குக் கூலி இவ்வளவு என்று ஜூன் மாதமே கேட்டிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுத்திருப்பார்கள், மேலே ஒரு கூடை மீனும் சேர்த்து. கேட்க உனக்கு வெட்கம், எடுக்க வெட்கம் இல்லை. விமானக் கூலியைப் பற்றிக் கேட்டபோது போனை வைத்துவிட்டாய்.

மறுநாள் அடுப்படியில் பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்து நானே சொன்னேன். மென்சிமா என் மேல்துணியைப் பிடித்து இழுத்தாள், நான் நிறுத்தவில்லை. ஒருத்தி, "நாங்க உன் மூஞ்சியப் பாத்துத்தான் குடுத்தோம், உன் மகன எங்களுக்குத் தெரியுமா?" என்றாள். கால் மெஷினைக் கடற்கரை ஓட்டல்காரனுக்கு விற்றுப் பிரித்துக் கொடுத்தேன், அது போதாது, அடுத்த சாளை முடியும் வரை அவர்கள் மீனை என் அடுப்பில் கூலி இல்லாமல் புகை போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கண் எரிகிறது, போடுகிறேன். அப்பா விறகு கொண்டுவந்து போடுகிறார், உன் பெயரைச் சொல்வதில்லை, இந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

இப்போது மெஷினோடு வந்த பைகள் தீர்ந்து மறுபடி சீனாவிலிருந்துதான் வாங்குகிறோம், பான்யின்தான் வாங்குகிறாள், நீ எங்களுக்குச் சொல்லாததை எல்லாம் அவள் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். மூன்று கடையில் விலை கேட்கிறாள், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்க்கிறாள், முதலில் ஒரு கட்டு மட்டும் வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்குகிறாள், தள்ளுபடி வாரம் வரைக்கும் காத்திருக்கிறாள், கப்பலில் போகிறதென்றால் கப்பல் என்றே சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "பெரியம்மா, விலைய நீங்களே பாத்துக்குங்க" என்று திரையைக் காட்டுகிறாள். மரியாதைக்குத்தான் காட்டுகிறாள் என்று தெரியும். எனக்கு ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறை விழுகிறது.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், தலை நிமிர்ந்து தின்கிற சோறும் கொடுக்கட்டும், பெற்றவள் வேறு எதை வேண்டுவாள். ஒன்றை மட்டும் மறக்காதே. கடிதம் கொண்டுவருகிறவரிடம் எனக்கு எதுவும் கொடுத்தனுப்பாதே, ஒரு சோப்புக்கட்டிகூட வேண்டாம். மென்சிமாவுக்கு உன் கைப்பட நாலு வரி எழுதிக் கொடு, காகிதத்துக்குக் கூலி இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, பான்யின்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அதை மனதில் வைத்து எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அராபா