செராயா தோட்டம் எந்தப் பக்கம்

செராயா தோட்டம்,
சிம்பாங் அம்பாட், மலாக்கா.
14.8.1994

அன்பு மகள் மோகனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி தினேசும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் வலிகூடக் கொஞ்சம் தேவலை. மான்செஸ்டரில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் மற்ற ஆஸ்பத்திரித் தாதிப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிதோறும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறோம்.

நம் தோட்டத்து விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், போனில் சொல்லி மாளாது. போன வருஷம் நிலம் அளக்கிறவர்கள் வந்துபோன பிறகு, ஆற்றோரத்து நாற்பது வீடுகளும் மலாக்காவில் இல்லை, பக்கத்து மாநிலத்தைச் சேர்ந்தவை என்று கடிதம் வந்தது உனக்குத் தெரியும். அதோடு செராயா தோட்டம் என்ற பேரையும் எடுத்துவிட்டு, அக்கரைக் கம்பத்தின், அந்த மலாய்க் கிராமத்தின், ‘இரண்டாம் பகுதி’ என்று பலகை நட்டார்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய் உடைந்தது, இந்தப் பக்கத்து அலுவலகம் அங்கே போ என்றது, அந்தப் பக்கத்து அலுவலகம் நீங்கள் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றது. எட்டு மாதம் லோரித் தண்ணீர்தான்.

பிச்சைமுத்து மாமாவைத் தலைவராகப் போட்டுக் கமிட்டி அமைத்தோம், மனு மேல் மனு கொடுத்தும் பதில் இல்லை. உன் அம்மாதான், நம்ம வாய்ப்பேச்ச எவன் கேக்கிறான், பத்திரத்த காட்டணும் என்று சொல்லி, ரப்பர்க் காட்டில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு வீடு வீடாகப் போய்ப் பிறப்புப் பத்திரங்களைக் கேட்டு வாங்கினாள். முப்பத்தொன்றில் பிறந்த முனியம்மா அக்காவின் பத்திரம் தொடங்கி நூற்றுப் பதினேழு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், ஒவ்வொன்றிலும் ‘செராயா தோட்டம், அலோர்காஜா’ என்று நம் மலாக்கா மாவட்டத்தின் பேர் இருக்கும் இடத்தைத் தேடிப் பென்சிலால் கோடு போட்டாள். பத்து பெரண்டாமில் வேலை செய்யும் தினேஸ் அங்கேயே கடையில் நகல் எடுத்து வந்தான்.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கம். ஜூன் மாதம் ஒரு சம்மதப் பாரம் வந்தது, ‘இரண்டாம் பகுதி’ என்று ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இரண்டே மாதத்தில் குழாய் வரும் என்றார்கள். அம்மா வாளி சுமந்து சுமந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க முடியாமல் நான் போட்டுவிட்டேன் மகளே, வீட்டில் சொல்லவில்லை. இருபத்து மூன்று பேர் போட்டோம். கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலில் என் பேரைப் பார்த்து அம்மா சண்டை பிடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, தண்ணிக்குத்தானே போட்டீங்க, தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா என்னால போட முடியாதுங்க என்றாள்.

ஜூலை கடைசி ஞாயிறு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் சம்மதித்தாயிற்று, பேச என்ன இருக்கிறது என்று ஓர் அதிகாரி கேட்டதும் பிச்சைமுத்து மாமா கையிலிருந்த மனுவை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா பத்திரக் கட்டோடு எழுந்தாள். தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், துவான், இந்த இருபத்து மூணு பேரும் தாகத்துல போட்ட கையெழுத்து இது, மொதல்ல தண்ணிய விடுங்க, அப்புறம் இதே பாரத்த குடுங்க, அப்பவும் போட்டாங்கன்னா நான் வாய மூடிக்கிறேன் என்றாள். நான் எழுந்து, என் பேரை அடித்துவிடுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூத்த அதிகாரி பத்திரக் கட்டை வாங்கி அரைமணி நேரம் ஒவ்வொன்றாகப் புரட்டினார், போகும்போது அம்மாவிடம் தெரிமா காசே என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

போன வாரம் கடிதம் வந்துவிட்டது. மறுபடி அளந்து முடியும்வரை நாம் முன்போலவே அலோர்காஜாவில்தான், பேரும் பழைய பேர்தான். புதன்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை, அளந்த பிறகு எப்படி முடியுமோ தெரியாது. அம்மா அதற்கும் தயாராகத்தான் இருக்கிறாள். அவளோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் யார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், தன் பேச்சு வரும் இடத்தில் எல்லாம் கமிட்டி என்று மாற்றி எழுதச் சொல்கிறாள். நான் மாற்றவில்லை.

குளிரில் காதை மூடாமல் வேலைக்குப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உறையில் செராயா தோட்டம் என்று முகவரியைச் சுருக்காமல் எழுது. நீ நினைத்ததெல்லாம் கூடி வந்து, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் மகளே.

உன் அப்பா,
தங்கையா

(அன்னம்மாவின் புருஷன் என்று போடத்தான் ஆசை, பக்கத்தில் நின்று முறைக்கிறாள்.)